குட்டிகளோடு முதுமலைக்கு!

காலாண்டுப் பரீட்சை முடிந்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். பாட்டி வீடு, கோயில், கடற்கரை எல்லாம் பார்த்தாகிவிட்டதா? இந்த முறை காட்டுக்குத்தான் போய்ப் பாருங்களேன்! "இடுப்புக் குழந்தையை வைத்துக்கொண்டு காடா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். கொஞ்சம் முன்யோசனை இருந்தால் போதும். ரிஷிவந்தியத்திலிருந்து நானும் என் தங்கையும் அவளுடைய ஐந்து வயதுப் பையனையும் இரண்டு வயதுப் பெண்ணையும் முதுமலைக்குக் கூட்டிப் போய், சளி காய்ச்சல் இல்லாமல் திரும்பி வந்தோம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எப்போது போகலாம்?

ஊட்டிப் பக்கம் சீஸன் என்றால் எல்லோருக்கும் ஏப்ரல், மே மாதங்கள்தான் நினைவுக்கு வரும். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீஸன் ஒன்று உண்டு. அதன் தொடக்கமும் நம் பிள்ளைகளின் காலாண்டு விடுமுறையும் ஏறக்குறைய ஒன்றாக வரும். தென்மேற்கு மழையில் நனைந்த காடு பச்சைப் பசேலென்று இருக்கும். கோடைக்காலக் கூட்டமும் இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் போனால் காடு காய்ந்து கிடக்கும், காட்டுத் தீ பயம் வேறு. அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப் போட்டால் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், மலைப்பாதையில் மண் சரியும். அதனால் சீஸன் தொடக்கமே நமக்கு நல்லது.

முதலில் ஒரு ஒத்திகை

வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. அதைத் தெரிந்துகொள்ள நீலகிரி வரைக்கும் போக வேண்டுமா என்ன? எங்களுக்குப் பக்கத்திலேயே கல்வராயன் மலை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைப் பார்த்துவிட்டு வெள்ளிமலை வரை ஏறி இறங்கினோம். சின்னவள் ஜம்மென்று தூங்கினாள். பையன்தான் இரண்டு வளைவிலேயே வாந்தி எடுத்தான். அவனை முன்பக்கம் பார்த்து உட்கார வைத்து, ஜன்னலைத் திறந்து காற்று வாங்க வைத்ததும் சரியாகிவிட்டது. கிளம்புமுன் வெறும் வயிறும் கூடாது, பூரி கிழங்கு என்று வயிறு முட்டவும் கூடாது. இரண்டு இட்லி போதும். வாந்திக்கு மாத்திரை கொடுப்பதானால் டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள்! சின்னப் பிள்ளைகளோடு அது வேண்டாம். கூடலூர் வழியாகப் போவது நல்லது. ஒரே மூச்சில் போய்ச் சேரவும் பார்க்காதீர்கள். நாங்கள் சேலம் வழியாகப் போய் மேட்டுப்பாளையத்தில் ஒரு ராத்திரி தங்கி, காலையில் மலை ஏறினோம்.

2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்களுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே விசாரித்து எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டிலும், வெந்நீருக்கு ஒரு பிளாஸ்கும் எடுத்துப் போங்கள்.

புலி காட்டுகிறேன் என்று சொல்லாதீர்கள்

முதுமலை 1940-லேயே சரணாலயமான காடு. 2007-ல் புலிகள் காப்பகமானது. நடுக்காடு மட்டும் 321 சதுர கிலோமீட்டர். அவ்வளவு பெரிய காட்டில் நாம் போகிற ஒரு மணி நேரத்தில் புலி வந்து நிற்குமா? "புலி பார்க்கப் போறோம்" என்று ஆசை காட்டிவிட்டால், மான் கூட்டத்தைப் பார்த்தாலும் பிள்ளைக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

நாங்கள் ஐந்து பெயர் சொல்லி அழைத்துப் போனோம். புள்ளிமான், மயில், மந்தி, காட்டெருமை, மலை அணில். ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் ஒரு விரலை மடக்க வேண்டும், சத்தம் போடக் கூடாது. வனத்துறை வண்டியில் போகும்போது பையன் நாலு விரல் மடக்கிவிட்டான். "பெரியம்மா, அணில் எங்கே?" என்று காதோடு காதாகக் கேட்டான் பாருங்கள், வீட்டில் அத்தனை கூச்சல் போடுகிற பிள்ளையா இது என்று இருந்தது!

பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடிக்கிற இடம் தெப்பக்காடு யானை முகாம். காலையிலும் மாலையிலும் யானைகளுக்குச் சாப்பாடு கொடுப்பார்கள். ராகி, கொள்ளு, அரிசி எல்லாம் வேகவைத்துப் பிசைந்து பெரிய பெரிய உருண்டையாக்கி, வெல்லமும் தேங்காயும் சேர்த்து வாயில் ஊட்டுகிறார்கள். ஒவ்வொரு யானைக்கும் தனி அளவு உண்டு. "அது மட்டும் சமர்த்தாச் சாப்பிடுது பார்" என்று தங்கை சின்னவளுக்கு அங்கேயே பருப்பு சாதம் ஊட்டி முடித்துவிட்டாள்.

தாயை இழந்த யானைக்குட்டிகளைப் பிள்ளை போல வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியின் கதை ஆவணப்படமாகி 2023-ல் ஆஸ்கார் பரிசு வாங்கியது நினைவிருக்கும். அந்த முகாம்தான் இது. அதே ஆண்டில் பெள்ளியைத் தமிழக அரசு யானைக் காவடியாக, அதாவது பாகனுக்கு உதவியாளராக, நியமித்தது. இந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான். நமக்கும் பெருமைதானே!

ஒரு எச்சரிக்கை. முகாம் யானையும் யானைதான். கயிறு கட்டிய இடத்தைத் தாண்டிப் பிள்ளையை விடாதீர்கள். சாலையோரக் குரங்குக்கும் மானுக்கும் தின்பண்டம் போடாதீர்கள். அது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, தின்று பழகிய குரங்கு அடுத்த குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும்.

திரும்பி வந்த பிறகு

தாய்மார்கள் முக்கியமாகப் படிக்க வேண்டியது இந்தப் பகுதிதான். மழைக்குப் பின் புல்லிலும் புதரிலும் அட்டை, உண்ணி இருக்கும். கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சும் இருக்கும். அது கடித்தால் வலிக்காது. ஆனால் சுமார் பத்து நாள் கழித்து விடாத காய்ச்சல், தலைவலி, இருமல், வாந்தி என்று வரலாம். இதற்கு ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர்.

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கக்கூடும். அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம், அரைஞாண் கயிறு படுகிற இடம் என்று மறைவான இடங்களில்தான் இருக்கும். எல்லோருக்கும் பொருக்கு வரும் என்றும் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். குளிப்பாட்டும்போது அதன் அம்மா பொருக்கைப் பார்த்து டாக்டரிடம் காட்டினாள். சரியான மருந்து கொடுத்ததும் இரண்டு மூன்று நாளில் குணமாகிவிட்டது. அந்தக் குழந்தை மலைக்கே போகவில்லை, கரும்புக் கொல்லையில்தான் விளையாடியது! சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிதில் குணமாகும், அசட்டையாக விட்டால் உயிருக்கே ஆபத்து.

அதனால் முழுக்கை சட்டை, நீளக் கால்சட்டை, காலுறை போட்டுவிடுங்கள். வெறும் புல்லில் உட்கார வைக்காமல் பாய் விரியுங்கள். துணியைப் புதர் மேல் காயப் போடாதீர்கள். அறைக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, உடம்பு முழுக்கப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், நெருப்பு என்று போகாமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். போட்டிருந்த துணியை வெந்நீரில் துவையுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம், "காட்டுக்குப் போயிட்டு வந்தோம்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு வயதுகூட ஆகாத குழந்தை இருக்கிறதா? இவ்வளவு தூரம் வேண்டாம். சென்னைக்கு நடுவிலேயே கிண்டியில் 1978-ல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா இருக்கிறது. அதை ஒட்டிய சிறுவர் பூங்காவில் ஒரு காலை நேரம் போதும். முதுமலை எங்கே போய்விடப் போகிறது? பிள்ளை கொஞ்சம் வளரட்டும், காடு காத்திருக்கும்.