மான் வேட்டைக்கு மஸில் லோடர்: அங்கே எதைப் பார்த்து வாங்குகிறார்கள், இங்கே ஏன் முடியாது?

அமெரிக்க டீமோடு வேலை செய்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். நவம்பர் வந்தால் அந்தப் பக்கம் சிலர் மான் வேட்டைக்கென்றே லீவு போட்டுவிடுவார்கள். அவர்கள் பேச்சில் 'மஸில் லோடர்' என்ற சொல் அடிபடும். குழலின் வாய் வழியாகவே மருந்தும் குண்டும் போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடுகிற துப்பாக்கி. இருங்காட்டுக்கோட்டையில் உட்கார்ந்து கேட்டால் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனால் நம்ம ஊர்ப் பேப்பரில் 'நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்' என்று வருகிறதே, அதில் பல இதே வகைதான்.

ஒரே கருவியை இரண்டு நாட்டுச் சட்டங்கள் எப்படி நேரெதிராகப் பார்க்கின்றன என்று தேடிப் படித்ததன் குறிப்புகள் இவை. நம் வீட்டுப் பரணோடும் இதற்குச் சம்பந்தம் உண்டு, கடைசியில் வருகிறேன்.

எப்படி வேலை செய்கிறது?

முதலில் அளந்த கருமருந்து. அதன்மேல் ஈயக்குண்டு, அல்லது சின்னச் சின்ன ரவைகள். பிறகு நீளக் கம்பியால் அடிவரை தள்ளிக் கெட்டிக்க வேண்டும். குழலின் பின்பக்கம் சின்னத் துளை ஒன்று இருக்கும். அதன் வழியாகத் தீப்பொறி உள்ளே போனால் மருந்து பற்றிக்கொள்ளும்.

பொறியை எப்படி உண்டாக்குவது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. பழைய முறை சிக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் கல்லைக் கவ்விய 'குதிரை' இரும்பில் உரசும், பொறி விழும். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு படைகளிடம் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை தோற்றதே, அப்போது சிப்பாய்கள் கையில் இருந்தது இந்த வகை. அந்தச் சண்டையில் கம்பெனியின் மருந்து வண்டிகள் வெடித்ததும் தோல்விக்கு ஒரு காரணம்.

கல்லில் ஒரு குறை: சுடுவதற்கு முன்பே வெளியே ஒரு பளிச் வெளிச்சம் வரும், பறவை பறந்துவிடும். இதில் வெறுத்துப்போன ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தி 1807இல் காப்புரிமை வாங்கினார். அந்த யோசனையிலிருந்து வந்ததுதான் 'கேப்பு'. 1857 கிளர்ச்சிக்குப் பொறியாக இருந்த என்ஃபீல்டு துப்பாக்கியும் கேப்பு வைத்த மஸில் லோடர்தான். தோட்டாவின் காகிதத்தைப் பல்லால் கடித்து மருந்தைக் குழல் வாயில் கொட்ட வேண்டியிருந்ததால்தான் கொழுப்புப் பிரச்சினையே வந்தது.

அங்கே முதல் துப்பாக்கி வாங்குபவர் எதைப் பார்ப்பார்?

ஒன்று, பொறி. கல்லா, கேப்பா, இல்லை 'இன்லைன்' எனும் நவீன வகையா? இன்லைனில் பற்றவைக்கும் பகுதி குழலுக்கு நேர்பின்னே இருக்கும். ஈரத்திலும் ஓரளவு நம்பலாம், சுத்தம் செய்வதும் சுலபம். 1985இல் டோனி நைட் என்பவரின் துப்பாக்கி வந்த பிறகு இது பரவலானது.

இரண்டு, குழலின் உள்முறுக்கு. உருண்டைக் குண்டுக்கு மெதுவான முறுக்கு போதும், 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று மாதிரி. நீளக் குண்டுக்கு வேகமான முறுக்கு வேண்டும், 28 அங்குலத்துக்கு ஒன்று. குண்டை முடிவு செய்துவிட்டுத்தான் குழலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்று, விட்டம். மானுக்குப் பெரும்பாலும் அரை அங்குலம்.

நான்கு, மருந்து. கருமருந்து அல்லது அதற்கென்றே செய்த மாற்று மருந்து மட்டும்தான். சாதாரண நவீனத் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் வெடித்துச் சுடுபவர் கையே போகலாம்.

இவ்வளவு மெனக்கெட்டு ஒரே ஒரு வெடி. அப்புறம் ஏன் வாங்குகிறார்கள்? அந்த மெதுவுக்காகத்தான் பல மாநிலங்கள் தனி வேட்டைக்காலமே ஒதுக்கியிருக்கின்றன. பென்சில்வேனியாவில் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு மட்டும் என்று 1974 முதல் ஒரு மான் சீசன் உண்டு. ஒரு வெடிதான் என்பதால் மானுக்கும் ஒரு வாய்ப்பு என்பது கணக்கு. 1968ஆம் ஆண்டின் அமெரிக்க மத்தியச் சட்டம், கருமருந்து மஸில் லோடர்கள் பெரும்பாலானவற்றை 'பழங்காலப் பொருள்' என்று விலக்கியும் வைத்திருக்கிறது.

நம்ம சட்டம் என்ன சொல்கிறது?

மான் விஷயம் ஒரு வரியில் முடிந்துவிடும்: வேட்டையே கிடையாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானைக் கொன்றால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கிண்டிப் பூங்காவில் திரிகிற வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதற்குத் தண்டனை குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு.

இந்தச் சட்டத்தின் அடி எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழவில்லை. நாட்டுத் துப்பாக்கியும் வலையுமாகப் பறவை பிடித்துப் பிழைத்த நரிக்குறவர் சமூகத்துக்குத் தொழிலே போனது. பாசிமணி விற்பனைக்கு மாறினார்கள். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் ஆயிற்று.

அப்போ மஸில் லோடருக்கு இங்கே இடமே இல்லையா? இருக்கு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 13ஆவது பிரிவு இதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: உண்மையான பயிர்க்காவலுக்கு மஸில் லோடர் கேட்டால் உரிமம் தரலாம். அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால்தான் வேறு வகை. அதாவது, மெதுவானது என்பதாலேயே இங்கே இது விவசாயியின் துப்பாக்கி. ஆனால் பயிர்க்காவல் உரிமம் என்பது மானைச் சுடும் உரிமம் இல்லை. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வீடு என்றால், தலைமை வன உயிரினக் காப்பாளர் ஒப்புதல் இல்லாமல் புது உரிமமும் கிடைக்காது.

பரணில் இருக்கும் துப்பாக்கி

ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் பழைய வீடுகளை இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பரணிலிருந்து தாத்தா காலத்துத் துப்பாக்கி இறங்கினால், 'துருப்பிடிச்ச பழசு, இதுக்கெல்லாம் லைசென்ஸ் எதுக்கு?' என்பார்கள். அமெரிக்க வீடியோக்கள் பார்த்தவர்கள் இன்னும் உறுதியாகச் சொல்வார்கள்.

ஆயுதச் சட்டம் 45ஆவது பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் நிபந்தனையைக் கோட் படிப்பது மாதிரி படிக்க வேண்டும்: பழசாக இருந்தால் போதாது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். மஸில் லோடரில் பழுதாகக்கூடிய பாகங்களே குறைவு. ஒரு கொல்லர் சரிசெய்துவிட முடிந்தால் விலக்கு போச்சு. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை.

அதைவிட அவசரமான ஆபத்து ஒன்று உண்டு. மஸில் லோடரைத் திறந்து உள்ளே பார்க்க முடியாது. 1863இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கிய 27,574 துப்பாக்கிகளில் ஏறக்குறைய 24,000 நிரப்பிய நிலையிலேயே கிடந்தன. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் பல பத்தாண்டு கழித்தும் பற்றும். தாத்தா கடைசியாக நிரப்பிவிட்டுச் சுடாமல் வைத்திருந்தால் நமக்கு எப்படித் தெரியும்?

அதனால் குதிரையை இழுத்துப் பார்க்காதீர்கள். குழல் வாயில் கண்ணை வைக்காதீர்கள். வெல்டிங் பட்டறைக்கும் கொண்டுபோகாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பக்கத்துக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தாமதிக்காமல் ஒப்படைக்க ஆயுதச் சட்டம் 21ஆவது பிரிவே வழி வைத்திருக்கிறது. ஒப்படைத்ததற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாத்தாவின் பழைய உரிமத் தாள் கிடைத்தால் அதையும் சேர்த்துக் காட்டுங்கள். வாரிசாக உரிமத்துக்கு விண்ணப்பிக்க அது உதவும்.