விண்வெளிக் குப்பைகளை ரேடார் எப்படிக் கண்காணிக்கிறது?

2009 பிப்ரவரி 10. சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கி.மீ. உயரத்தில் இரண்டு செயற்கைக்கோள்கள் மோதி நொறுங்கின. ஒன்று, தொலைபேசி சேவைக்காக இயங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவின் இரிடியம் 33. மற்றொன்று, எப்போதோ செயலிழந்துவிட்ட ரஷ்யாவின் காஸ்மோஸ் 2251. இரண்டின் பாதையும் முன்பே தெரிந்தவைதான். 584 மீட்டர் இடைவெளியில் அவை கடந்து செல்லும் என்றே அன்றைய ஒரு கணிப்பு கூறியது. அப்படியானால் பிழை எங்கே?

பூமிக்கு மேலே 2,000 கி.மீ. வரையுள்ள பகுதியைத் தாழ் புவிச் சுற்றுப்பாதை என்கிறோம். இங்குள்ள பொருட்களைக் கண்காணிக்க ரேடார்தான் பெரிதும் உதவுகிறது. தொலைநோக்கிக்கு இருண்ட, தெளிவான வானம் தேவை. ரேடாருக்கு இரவு, பகல், மேகம் எதுவும் தடையில்லை.

ரேடார் அனுப்பும் ரேடியோ அலைகள் பொருளின் மீது பட்டுத் திரும்பி வருகின்றன. 1,000 கி.மீ. தொலைவுக்குப் போய்வர ஒரு நொடியில் 150இல் ஒரு பங்கு நேரமே ஆகும். அந்த நேரத்தைக் கொண்டு தூரத்தை அறியலாம். திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு, பொருள் எவ்வளவு வேகமாக நெருங்குகிறது அல்லது விலகுகிறது என்பதை அறியலாம்.

ஆனால் ஒரு பொருள் ஒரு ரேடாரின் பார்வையில் சில நிமிடங்களே இருக்கும். மற்ற நேரங்களில் அது எங்கே இருக்கும் என்பதைக் கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்த உயரத்திலும் மிக மெல்லிய காற்று உண்டு. சூரியனின் செயல்பாட்டுக்கு ஏற்ப அதன் அடர்த்தி மாறுவதால் கணக்கு பிசகுகிறது. நொடிக்கு ஏழு கி.மீ.க்கு மேல் பாயும் பொருளுக்கு 584 மீட்டர் என்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

எனவே, அடிக்கடி அளந்து கணக்கைத் திருத்துவதே வழி. இதற்காகப் பசிபிக் பெருங்கடலின் குவாஜலின் தீவில் அமெரிக்கா அமைத்த 'ஸ்பேஸ் ஃபென்ஸ்' ரேடார் 2020இல் செயல்பாட்டுக்கு வந்தது. சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் உள்ள இஸ்ரோவின் ரேடார் ஒரே நேரத்தில் 10 பொருட்களைப் பின்தொடரக்கூடியது.

ஆபத்து முன்கூட்டியே தெரிந்தால், இயங்கும் செயற்கைக்கோளைச் சற்று நகர்த்திவிடலாம். இரிடியம் 33ஐயும் நகர்த்தியிருக்க முடியும். அந்த ஒரு மோதலால் மட்டும், ரேடாரில் தெரியும் அளவுள்ள 2,000க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. அவற்றில் பல இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றையும் நாம் கண்காணிக்க வேண்டியுள்ளது.