கண்ணுள் வினைஞர்

சங்க நூல்களுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி, மதுரை மாநகரின் தெருக்களில் கூடிய பலவகைத் தொழிலாளருள் ஓவியரையும் வைத்து எண்ணுகிறது. அவர்களுக்கு அந்நூல் தரும் பெயர் 'கண்ணுள் வினைஞர்' என்பதாகும். காண்போருடைய கண்ணிலே தம் தொழிலைக் கொண்டுவந்து நிறுத்துவோர் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதற்குப் பொருள் கூறுவார். ஓவியம் கையால் ஆவது. ஆயினும், ஓவியனுக்குப் பெயரிட வந்த புலவர் கண்ணையே நினைத்தார். காண்போர் கண்ணில் ஓர் உருவம் நிற்கவேண்டுமானால், அது முதற்கண் வரைவோன் கண்ணில் நின்றிருக்க வேண்டுமன்றோ? ஓவியப் பயிற்சியின் அடிப்படை முழுவதும் இதனுள் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

மாணவ நேயர்களே, ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ளாமல், விருப்பத்தினால் மட்டும் வரைகின்றவர்களைக் குறித்தே இன்று பேச எண்ணுகிறேன். நான் வாழும் கரியமாணிக்கத்திலும், சுற்றியுள்ள நெட்டப்பாக்கம், பாகூர் ஊர்களிலும் அத்தகைய இளைஞர் பலர் உளர். சிலர் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் வரைகின்றனர். சிலர் செல்பேசித் திரையில் விரலால் வரைகின்றனர். சிலர் கணினியோடு இணைத்த வரைபலகையில் அதற்குரிய பேனாவைக் கொண்டு வண்ணம் தீட்டுகின்றனர். இந்த மூன்றாம் வகையையே இன்று யாவரும் டிஜிட்டல் ஓவியம் என்கின்றனர். இவர்கள் அனைவரும் என்னிடம் கேட்கும் வினா ஒன்றே: "ஐயா, இரண்டு ஆண்டுகளாக வரைகிறேன், ஏன் முன்னேற்றம் இல்லை?"

இவ்வினாவுக்கு விடை காண ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு மனித முகத்தை நினைவிலிருந்து வரையுங்கள். பயிலாதவர்களுள் பெரும்பாலோர் கண்களை நெற்றிக்கு அருகே, தலையின் மேற்பகுதியில் அமைத்துவிடுவர். பிறகு ஒருவரை நேரே நிறுத்தி அளந்து பாருங்கள். உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் ஏறத்தாழ நடுவில் கண்கள் இருப்பதைக் காண்பீர்கள். பிறந்த நாள் முதல் ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்திருந்தும் இதனை நாம் அறியவில்லை. காரணம் என்ன? முகத்தில் கண்ணும் மூக்கும் வாயுமே நம் மனத்தைக் கவர்கின்றன. நெற்றியும் உச்சியும் கவர்வதில்லை. ஆகவே மனம் அவற்றைச் சுருக்கிவிடுகிறது. கை, மனம் சொன்னதை வரைகிறது. கண் கண்டதை வரைவதில்லை. இந்நிலையில் ஒருவன் ஆயிரம் முகங்களை வரைந்தாலும் ஆயிரம் முறை அதே பிழையைச் செய்வான். பிழையும் பழகப் பழகக் கைவந்துவிடும்.

ஆதலின், பயிற்சி என்பது நான்கு செயல்களால் ஆனது என்று கொள்ள வேண்டும். பார்த்தல், வரைதல், ஒப்பிடுதல், திருத்துதல் என்பன அவை. நம் இளைஞர் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு ஏனைய மூன்றையும் கைவிட்டுவிடுகின்றனர். ஒப்பிடுவதற்கு எளிய வழிகள் உண்டு. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பொருளின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து விகிதம் காணலாம். நாற்காலியை வரையும்போது, அதன் கால்களை வரைவதற்கு மாறாக, கால்களுக்கு இடையே தோன்றும் வெற்றிடத்தின் வடிவத்தை வரைந்து பார்க்கலாம். கால் என்பதற்கு நம் மனத்தில் முன்பே ஒரு வடிவம் உண்டு. வெற்றிடத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால் கண் தன் வேலையைச் செய்யத் தொடங்கும். ஒளியையும் நிழலையும் அறிய வேண்டுமாயின் கண்ணைச் சற்றே இடுக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து, வெளிச்சம், இருள், இடைநிலை என்னும் பெரும் பிரிவுகள் மட்டும் எஞ்சும்.

ஒன்றையே பல முறை வரைவதால் சலிப்பு வராதா என்று கேட்கலாம். துறையூரை அடுத்த கீரம்பூரில் 1938-இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற கே. எம். ஆதிமூலம் அவர்களை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். 1969-இல் வந்த காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி அவர் காந்தியடிகளின் கோட்டோவியங்கள் நூறு வரைந்தார். அடிகளின் வடிவம் நாடறிந்தது. கண்ணாடியும் கைத்தடியும் போட்டால் குழந்தையும் அடையாளம் கண்டுகொள்ளும். அவ்வளவு பழகிய உருவத்தை நூறு முறை வரைய என்ன இருக்கிறது? ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க ஒன்று இருந்தது என்பதே விடை. ஆதிமூலம் 2008-இல் மறைந்தார். அவருடைய கருமைக் கோடுகளைத் தமிழ் நூல்களின் அட்டைகளிலும் இதழ்களிலும் நீங்கள் இன்றும் காணலாம்.

இனி, கணினி ஓவியத்துக்கு வருவோம். இது நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ஐவன் சதர்லாண்டு என்பவர், திரையின்மீது ஒளிப்பேனாவைக் கொண்டு கோடு வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் அமைப்பை 1963-இல் வெளிப்படுத்தினார். நம் நாட்டில், மதுரையில் 1953-இல் பிறந்த டிராட்ஸ்கி மருது அவர்கள், தமிழ் ஓவியருள் கணினியை முற்படக் கையாண்டவர்களுள் ஒருவராக மதிக்கப்படுகிறார். ஓவியக் கல்லூரியில் காகிதத்திலும் மையிலும் பழகிய கையோடுதான் அவர் கணினியிடம் சென்றார் என்பதை மாணவர் கருத வேண்டும்.

கணினி தரும் உதவிகள் மெய்யானவை. வண்ணம் தீர்ந்துபோகும் என்ற கவலை இல்லை. கோடு ஓர் அடுக்கிலும், நிறம் மற்றோர் அடுக்கிலும், நிழல் வேறோர் அடுக்கிலும் அமைவதால், ஒன்றைத் திருத்த மற்றொன்றைக் கெடுக்க வேண்டுவதில்லை. படத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டும் வசதி மிகவும் சிறந்தது. தன் ஓவியத்தின் பிழைகளைக் காண அதனைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்று லியனார்டோ டா வின்சி ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிவுறுத்தினார். அந்தக் கண்ணாடி இன்று ஒரு பொத்தானில் அடங்கிவிட்டது. திருப்பியவுடன் சாய்ந்த முகமும் ஏறியிறங்கிய கண்களும் தாமே வெளிப்படும். அவ்வாறே, படத்தின் நிறங்களை நீக்கிச் சாம்பல் நிறத்தில் பார்த்தால், ஒளிநிழல் சரியாக அமைந்ததா என்பது விளங்கிவிடும். இவை யாவும் ஒப்பிடுதலுக்குத் துணை செய்வன.

ஆயின், அதே கருவி கண்ணைத் தூங்கவும் வைக்கும். புகைப்படத்திலிருந்து நிறத்தை அப்படியே எடுத்து ஒட்டும் வசதி ஒன்று உண்டு. அதனையே நம்பியவன், பச்சை வயலில் மாலை வெயில் படும்போது எங்கே மஞ்சள் ஏறுகிறது, எங்கே நீலம் கலக்கிறது என்பதைத் தானாக ஒருநாளும் ஆராயமாட்டான். போட்ட கோட்டை நொடியில் நீக்கும் பொத்தான் மற்றொன்று. ஒரு கோட்டை இருபது முறை போட்டு இருபது முறை நீக்குவோரை நான் கண்டிருக்கிறேன். இருபதில் எது ஏன் தவறாயிற்று என்று அவர்கள் அறியார். ஏனெனில், ஒப்பிடுவதற்கு முன்னரே சான்று அழிந்துபோகிறது. காகிதத்தில் பிழைத்த கோடு அங்கேயே நின்று, அடுத்த கோட்டுக்கு வழிகாட்டுகிறது.

அடித்த எழுத்தே ஓவியமான வரலாறும் நம் நாட்டில் உண்டு. கவி இரவீந்திரநாத் தாகூர் ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவர் அல்லர். தம் கவிதைக் கையெழுத்துப் படிகளில் அடித்துத் திருத்திய சொற்களை ஒன்றோடொன்று இணைத்து, பறவையாகவும் விலங்காகவும் உருமாற்றத் தொடங்கினார். அறுபது வயதைக் கடந்தபின் அவ்விருப்பம் பெருகியது. 1930-இல் பாரிசு நகரில் அவருடைய முதல் ஓவியக் காட்சி நடைபெற்றது. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களை அவர் விட்டுச் சென்றார். அடித்தவற்றைச் சுவடின்றி நீக்கும் பொத்தான் அவரிடம் இருந்திருந்தால், அப்பறவைகள் பிறந்திரா.

இக்காலத்தில் வேறொரு வினாவும் எழுந்துள்ளது. சில சொற்களை எழுதிக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் படம் தருகிறதே, நாங்கள் ஏன் வரைய வேண்டும் என்று மாணவர் கேட்கின்றனர். இதற்கு என் ஊரில் நான் கண்ட ஒன்றையே விடையாகக் கூறுவேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் பாட்டியின் முகத்தை ஒரு நோட்டில் நாள் குறித்து நாற்பது முறைக்குமேல் வரைந்திருந்தாள். அவள் தோழி ஒருத்தி செல்பேசியில் 'கிராமத்துப் பாட்டி' என்று எழுதி, வெகு நேர்த்தியான படம் ஒன்றை வரவழைத்துக் காட்டினாள். இவள் மனம் உடைந்து, நோட்டை எடைக்குப் போட்டுவிடுவதாகச் சொன்னாள். இரண்டையும் வாங்கி அந்தப் பாட்டியின் முன்னிலையிலேயே வைத்துப் பார்த்தேன். இயந்திரம் தந்த முகம் அழகிய முகந்தான். ஆனால் அது எந்த ஊரிலும் எவருக்கும் பாட்டி அன்று. நோட்டின் முதல் பக்கங்களில் கண்கள் நெற்றியில் ஏறியிருந்தன. இருபதாம் பக்கத்துக்குமேல் அவை தம் இடத்துக்கு இறங்கிவந்தன. இறுதிப் பக்கங்களில், கனத்த தோடு அணிந்து நீண்டுபோன காதுமடலும், ஒருபுறம் பல் இழந்ததால் சற்றே உள்வாங்கிய கன்னமும் இருந்தன. "அம்மா, பாட்டியின் கன்னம் இப்படி இருப்பது உனக்கு முன்பே தெரியுமா?" என்று கேட்டேன். "வரையும்போதுதான் தெரிந்தது, ஐயா" என்றாள். நோட்டு இன்றும் அவளிடம் இருக்கிறது.

பயில விரும்புவோர்க்குச் சில நடைமுறைக் குறிப்புகளைக் கூறுவேன். நாள்தோறும் அரைமணி நேரம் போதும். வாரத்துக்கு ஒருநாள் ஐந்து மணி நேரம் வரைவதைவிட அது நன்று. ஒவ்வொரு படத்திலும் தேதி இடுங்கள், பழையதை எறியாதீர்கள். வயலில் மேயும் மாட்டையும் கொக்கையும் இரண்டு நிமிடத்துக்குள் வரைந்து பழகுங்கள். உடலின் இயக்கத்தைப் பற்ற அதுவே வழி. பாகூர் மூலநாதர் கோயில் சோழர் காலத்தது; அங்குள்ள சிற்பங்களின்முன் அமர்ந்து வரையுங்கள். வில்லியனூரின் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அக்கலையில் வல்லவரான வி. கே. முனுசாமி அவர்கள் 2010-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஒரு மண்பொம்மையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து வரைந்தால், உருவத்தின் திரட்சி புலப்படும். கணினி உடையோர்க்குக் 'கிரிட்டா' என்னும் ஓவியச் செயலி விலையின்றிக் கிடைக்கிறது. ஏ4 அளவுத் தாளில் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஏறத்தாழ 2480-க்கு 3508 புள்ளிகள் வேண்டும். தொடக்கத்திலேயே அந்த அளவை வைத்துக்கொள்ளுங்கள். பிறர் ஓவியத்தைப் பார்த்து வரைந்தால் அவர் பெயரைக் கீழே எழுதுங்கள். நண்பரிடம் படத்தைக் காட்டும்போது 'நன்றாக இருக்கிறதா?' என்று கேளாமல், 'எங்கே தவறு?' என்று கேளுங்கள். முறையாகப் பயில எண்ணுவோர்க்கு அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது.

பயில்வோர் அனைவரும் ஓவியர் ஆகப்போவதில்லை. ஆகவேண்டும் என்பதும் இல்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்து நோயறியும் மருத்துவருக்கும், சுவரின் விரிசலைப் பார்த்துக் காரணம் காணும் பொறியாளருக்கும், கரும்பின் தோகை நிறம் மாறுவதைக் கண்டுகொள்ளும் உழவருக்கும் வேண்டப்படுவது பழகிய கண்ணே. அதனைப் பெறுவதற்கு ஒரு பென்சிலும், எழுதாத பக்கம் எஞ்சிய பழைய நோட்டும் போதும். வீட்டில் நீங்கள் நாள்தோறும் காணும் ஒருவர் முகத்திலிருந்தே தொடங்கலாம்.