தொழுவம் எவ்வளவு தூரத்தில்?

அமெரிக்காவின் இந்தியானாவில் ஆமிஷ் மக்களும் தெற்கு டகோட்டாவில் ஹட்டரைட் மக்களும் இருக்கிறார்கள். இருவரும் ஆல்ப்ஸ் மலைப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த உழவர்கள், மரபணுவிலும் நெருங்கியவர்கள். இரு தரப்பிலும் வீடு நிறையப் பிள்ளைகள், நெடுநாள் தாய்ப்பால், கொழுப்பும் உப்பும் தூக்கலான சாப்பாடு. வீட்டுக்குள் நாய், பூனை வளர்க்கும் வழக்கம் இல்லை. ஆனால், ஆமிஷ் பள்ளிப் பிள்ளைகளில் ஆஸ்துமா உள்ளவர்கள் சுமார் 5 சதவீதம். ஹட்டரைட் பிள்ளைகளிலோ 21 சதவீதம்.

வித்தியாசம் விவசாயத்தில்தான். ஆமிஷ் குடும்பம் ஒவ்வொன்றும் தனக்கென்று பால்பண்ணை வைத்திருக்கும். உழவுக்கும் போக்குவரத்துக்கும் குதிரை. கொட்டில் வீட்டை ஒட்டியே இருப்பதால் சின்னப் பிள்ளைகள் அங்கேயே விளையாடுவார்கள். ஹட்டரைட்டுகளுடையது பெரிய கூட்டுப்பண்ணை, முழுக்க எந்திரமயம். மாடுகள் குடியிருப்பிலிருந்து தள்ளி நிற்கும். குழந்தைகளுக்கு அங்கே வேலை இல்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் கரோல் ஓபரும் ஜெர்மனியின் எரிகா ஃபான் மூட்டியுஸும் இடம்பெற்ற குழு, இரு தரப்பிலும் தலா 30 பிள்ளைகளின் ரத்தத்தையும் அவர்கள் வீட்டுத் தூசியையும் சோதித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டது. ஆமிஷ் வீட்டுத் தூசியில் எண்டோடாக்சின் கிட்டத்தட்ட ஏழு மடங்கு இருந்தது. சிலவகை பாக்டீரியாக்களின் மேலுறையிலிருந்து உதிரும் துணுக்கு அது. கிருமி செத்த பின்னும் தங்கிவிடும்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முட்டை வெள்ளைக்கருப் புரதத்தால் சுண்டெலிகளுக்கு ஆஸ்துமா போன்ற நிலையை உண்டாக்கி, கூடவே வீட்டுத் தூசியின் சாற்றையும் மூக்கு வழியாகக் கொடுத்துவந்தார்கள். ஆமிஷ் தூசி பெற்ற எலிகளுக்கு மூச்சுக்குழாய் பெரும்பாலும் இறுகவில்லை. ஹட்டரைட் தூசி எந்தக் காப்பும் தரவில்லை. உடம்பில் முன்வாசல் காவலாக ஓர் எதிர்ப்பமைப்பு உண்டு; கிருமியின் பொதுவான அடையாளங்களைக் கண்டதும் விழித்துக்கொள்ளும். அந்தச் சேதியைக் கடத்தும் மைடி88, டிரிஃப் என்ற இரண்டு புரதங்களும் இல்லாத எலிகளிடம் ஆமிஷ் தூசியின் காப்பும் பலிக்கவில்லை. ஆக, முன்வாசல் காவலைச் சிறுவயதிலிருந்தே ஓயாமல் தட்டிப் பழக்கியதுதான் அந்தப் பிள்ளைகளைக் காத்திருக்கிறது என்று குழு கருதியது.

இந்த யோசனைக்கு வித்திட்டவர் பிரிட்டனின் டேவிட் ஸ்ட்ராக்கன். 1958இல் பிறந்த 17,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை அலசி, அண்ணன் அக்கா அதிகமுள்ள பிள்ளைகளுக்கு மூக்கொழுகும் ஒவ்வாமைக் காய்ச்சல் குறைவு, மூத்தவர்களிடமிருந்து தொற்றும் கிருமிகள் காரணமாக இருக்கலாம் என்று 1989இல் எழுதினார். அதைத்தான் ‘அழுக்கு நல்லது’ என்று சுருக்கிவிட்டார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. அம்மை, வயிற்றுப்போக்கு போன்ற நோய்களை வாங்கிக்கொள்வதால் ஆஸ்துமாவிலிருந்து தப்பலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை. கை கழுவுவதையோ தடுப்பூசியையோ கைவிட இதில் இடமும் இல்லை. ஆமிஷ், ஹட்டரைட் இரு தரப்பும் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர்கள்தாம்.

காலமும் முக்கியம். ஐரோப்பிய கிராமங்களில் நடந்த ஆய்வுகளில், தாய் கருவுற்றிருந்தபோதும் குழந்தையின் முதல் வயதிலும் தொழுவத்தோடு பழகியிருந்தால்தான் காப்பு வலுவாகத் தெரிந்தது. ஏற்கெனவே ஆஸ்துமா வந்துவிட்டவருக்கு அதே எண்டோடாக்சின் மூச்சிரைப்பைக் கூட்டக்கூடும். வீசிங் உள்ள பிள்ளையை மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப்போவது வைத்தியம் ஆகாது.