டான்யூபுக்கு அப்பால் – 4: லத்தீன் எழுத்தில் ஒரு பல்கேரிய ஊர்

1688ஆம் ஆண்டு சிப்ரோவ்த்சிக் கிளர்ச்சியை ஒட்டோமான் படைகள் ஒடுக்கியபின் வடமேற்குப் பல்கேரியாவின் கத்தோலிக்கர்கள் டான்யூப் ஆற்றைக் கடந்து வலாக்கியாவில் ஒதுங்கிய வரலாறு சென்ற பகுதியில் சொல்லப்பட்டது. அவர்களில் ஒரு பிரிவினரும், அவர்களுக்குத் தொடர்பில்லாத இன்னொரு பல்கேரியக் கத்தோலிக்கக் கூட்டத்தினரும் ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் எல்லைப்புறமான பானாட் சமவெளியில் குடியேறி, அங்கே ஒரு தனி மொழிச் சமூகமாக உருவானதே இந்தப் பகுதியின் பொருள்.

இந்த இரண்டாம் கூட்டத்தினர் பாவ்லிக்கியர் எனப்பட்டனர். அர்மீனியாவிலும் ஆசியா மைனரிலும் தோன்றி, திருச்சபையால் பிறழ்கொள்கை என்று விலக்கப்பட்ட ஒரு சமயப் பிரிவைச் சார்ந்தவர்களைப் பைசாந்தியப் பேரரசர்கள் பால்கன் நிலத்தில் கொண்டுவந்து குடியமர்த்தியதிலிருந்து இப்பெயர் வருகிறது. அப்பெயரைத் தாங்கிய பல்கேரியக் கிராமத்தார் 17ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிகளின் பணியால் கத்தோலிக்கரான பிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. நிக்கோபோல் ஆயர் நிக்கோலா ஸ்தானிஸ்லாவிச்சின் தலைமையில் இவர்களில் ஏறத்தாழ 2,000 பேர் 1738 முதல் ஸ்டார் பிஷ்னொவ் என்னும் ஊரில் குடியேறினர். இன்றைய ருமேனியாவின் திமிஷ் மாவட்டத்தில் துதெஷ்தி வெக்கி என்று வழங்குவது அந்த ஊர்தான். சிப்ரோவ்த்சியிலிருந்து வந்தவர்கள் 1741இல் விங்கா என்ற ஊரை நிறுவினர். 1744இல் ஹாப்ஸ்பர்க் அரசி மரியா தெரேசா அதற்கு நகர உரிமைகளை வழங்கினார்.

சலுகைகளும் வணிகமும் விங்காவின் பக்கம் இருந்தும், மொழியைப் பொறுத்தவரை வென்றது உழவர்களின் பேச்சே. பாவ்லிக்கியரும் விங்காவுக்கு வந்து சேர்ந்ததால் சிப்ரோவ்த்சிக்காரர்களின் மேற்கத்தியக் கிளைமொழி மெல்ல மறைய, கிழக்குப் பல்கேரியக் கிளைமொழிகளைச் சேர்ந்த பாவ்லிக்கியப் பேச்சே பானாட் முழுவதற்கும் பொதுவாயிற்று. இன்றும் இச்சமூகத்தின் மையமாகக் கருதப்படுவது நகர உரிமை பெற்ற விங்கா அன்று, ஸ்டார் பிஷ்னொவே.

பல்கேரியர் என்றதும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் சிரில்லிக் எழுத்தும் நினைவுக்கு வருவது இயல்பு. பானாட் பல்கேரியருக்கு இவ்விரண்டும் இல்லை. வேறோர் ஆட்சியில், வேறோர் எழுத்தில், சொந்த நாட்டோடு தொடர்பறுந்து வாழ்ந்தவர்களின் பேச்சை எழுத்துமொழியாக வளர்த்தது பங்கு ஆலயமும் அதைச் சார்ந்த பள்ளியுமே. இம்ரெ பெரெட்ஸ் என்ற குருவின் மறைக்கல்வி வினாவிடை நூல் 1851இல் வெளிவந்தது. 1866இல் யோசு ரில் என்ற ஆசிரியர் லத்தீன் எழுத்தின் அடிப்படையில் எழுத்துக்கூட்டல் விதிகளை வகுத்தார். அப்போது உருவாகிவந்த இலக்கியப் பல்கேரியத்தோடு இணைய முயலாமல், ஊரார் வாயில் புழங்கும் ஒலிகளையே எழுத்தில் கொண்டுவர அவர் முற்பட்டது, இம்மொழி பிழைத்ததற்கு முதன்மையான காரணம் என்று கொள்ள இடமுண்டு. வழிபாட்டுச் செபங்களும் பாடநூல்களும் பின்னர் 1935 முதல் 1943 வரை வெளிவந்த செய்தித்தாளும் இந்த எழுத்திலேயே அச்சாயின. இவர்களின் மொழியையும் நூல்களையும் பற்றி 1900இல் தனி நூல் எழுதிய மொழியறிஞர் லியுபொமிர் மிலெதிச், இதைத் திருத்தப்பட வேண்டிய கொச்சைப் பேச்சாக அல்லாமல் ஆராயத்தக்க மொழியாகவே அணுகினார்.

ஊர் வாழ்க்கையின் வேறு பல கூறுகளில் கலப்பு மிகுதி. அரசு திட்டமிட்டு அமைத்த குடியேற்ற ஊர்களுக்குரிய நேரான தெருக்கள், கோதுமையும் மக்காச்சோளமும் விளையும் வயல்கள், ஷ்வாப் எனப்பட்ட அண்டை ஜெர்மானியரைப் பார்த்துப் பயின்ற வேளாண் முறைகள் ஆகியவை பானாட்டின் பொதுச்சொத்து. பெண்களின் அன்றாட உடையில் பால்கன் சாயல் தெரிய, விழா உடையில் அண்டைக் கத்தோலிக்கரின் செல்வாக்குத் தெரியும். வீட்டு நடைகூடத்துக்கும் கம்பிக்கும் வழங்கும் சொற்கள்கூட ஜெர்மனிலிருந்து வந்தவை. ஹங்கேரிய, செர்பிய, ருமேனியச் சொற்களும் ஏராளம். தூய்மையைத் தேடி வரும் ஆய்வாளர் இங்கே ஏமாற்றமடைவார். எனினும் இத்தனை கடன்களையும் தாங்கிய இலக்கணம் பல்கேரியமாகவே நின்றிருக்கிறது.

இக்கலப்பு வெளிப்படையாகத் தெரியும் திருவிழா ஃபர்ஷாங்கி. கத்தோலிக்கர்களின் நாற்பது நாள் தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்குவதற்கு முந்தைய நாட்களில், உண்ணவும் ஆடவும் வேடமிடவும் உரிமையளிக்கும் கொண்டாட்டம் இது. பெயரே ஜெர்மானிய, ஹங்கேரியத் தொடர்பைக் காட்டுகிறது. அலங்கரித்த குதிரை வண்டிகள் தெருக்களில் வலம் வர, பித்தளை ஊதுகருவிக் குழுக்கள் பல்கேரிய ஆட்டங்களுக்கும் வால்ட்ஸ், சார்தாஷ் ஆகிய நடனங்களுக்கும் ஒருசேர வாசிக்கின்றன. பல்கேரியாவில் குளிர்கால முடிவில் விலங்குத்தோல் அணிந்து மணிகள் ஒலிக்க ஆடும் குக்கேரி வேடர்களின் மரபோடு ஒப்பிட்டால், ஒரே மொழிக் குடும்பத்தார் இருவேறு திருச்சபை நாட்காட்டிகளின்கீழ் எவ்வளவு தொலைவு பிரிந்து வந்துள்ளனர் என்பது புலப்படும்.

ஹாப்ஸ்பர்க் அரசு ஹங்கேரியோடு 1867இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் பானாட் ஹங்கேரிய நிர்வாகத்தின்கீழ் உறுதிப்பட்டபின், பள்ளிகளில் ஹங்கேரிய மொழி அழுத்தம் பெற்றது. ஹங்கேரியரும் கத்தோலிக்கரானதால் சமயம் இங்கே அரணாக நிற்கவில்லை. கலந்து கரைவதற்கு அதுவே எளிய வழியாகவும் ஆயிற்று. நிலப்பற்றாக்குறையும் சேர்ந்துகொள்ள, விடுதலை பெற்ற பல்கேரியா ஆளற்ற நிலங்களைக் குடியேறிகளுக்கு வழங்க 1880இல் இயற்றிய சட்டத்தைப் பயன்படுத்திப் பல குடும்பங்கள் டான்யூபின் தென்கரைக்குத் திரும்பின. பர்தார்ஸ்கி கெரான், கோஸ்திலியா, அசெனொவோ, ப்ரெகாரே, திராகொமிரொவோ ஆகிய ஊர்களில் அவர்கள் குடியேறினர்.

மூதாதையரின் நாட்டுக்கு வந்தும் அவர்கள் அயலார்போலவே காணப்பட்டனர் என்பது இவ்வரலாற்றின் சுவையான முரண். கத்தோலிக்க ஆலயமும் இரும்புக் கலப்பையும் குதிரை பூட்டிய பெரிய வண்டிகளும் ஃபர்ஷாங்கியும் அவர்களோடு வந்தன. சுற்றியிருந்த ஆர்த்தடாக்ஸ் கிராமத்தாருக்கு அவர்கள் பானாட்டார்களாகவே தெரிந்தனர். பானாட்டில் பல்கேரியர் என்று தனித்து நின்றவர்கள், பல்கேரியாவில் பானாட்டின் பெயரால் தனித்து நின்றனர். பர்தார்ஸ்கி கெரானில் ஷ்வாப் ஜெர்மானியரும் சேர்ந்து குடியேறித் தமக்கெனத் தனி ஆலயம் எழுப்பினர். இரண்டாம் உலகப்போரின்போது நாஜி அரசு வெளிநாட்டு ஜெர்மானியரைத் தாயகத்துக்கு அழைத்துக்கொண்ட திட்டத்தின்கீழ் அவர்கள் வெளியேறினர், பல்கேரியர் தங்கினர். இன்றைய ருமேனியாவிலுள்ள பானாட் ஊர்களில் தங்கிவிட்டவர்களுக்கோ 1989க்குப் பின் சிறுபான்மையினருக்கான நாடாளுமன்ற இடமொன்று கிடைத்தது. யோசு ரில் வகுத்த லத்தீன் எழுத்திலேயே இதழ்களும் மீண்டும் வெளிவரலாயின.

(தொடரும்)