மறதி இல்லாத தாழ்ப்பாள்

சென்ற கோடை விடுமுறையில் என் தங்கை வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். நான்காவது மாடியில் வீடு. கூடத்தில், பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஸ்லைடிங் ஜன்னல், கம்பி கிடையாது. வீட்டில் மூன்று வயதுப் பையன் இருப்பதால், தங்கையின் கணவர் ஓர் எளிய ஏற்பாடு செய்திருந்தார். ஜன்னல் ஓடும் தடத்தில் ஒரு மரக்குச்சியைக் கிடத்தி வைத்திருந்தார். ஜன்னலைத் தள்ளினால் ஒரு சாண் அளவுகூடத் திறக்காது. குச்சியில் முட்டி நின்றுவிடும்.

ஒருநாள் மத்தியானம் புழுக்கம் தாங்கவில்லை. காற்று வரட்டும் என்று அந்தக் குச்சியை எடுத்து வைத்துவிட்டு, ஜன்னலை முழுவதும் திறந்தவன் நான்தான். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். மாலையில் நினைவாக ஜன்னலை மூடினேன். ஆனால் குச்சியைத் திரும்பத் தடத்தில் வைக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பையன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஜன்னலைத் தள்ளினான். அது முழுவதும் திறந்துகொண்டது. சமையலறையிலிருந்து வந்த என் தங்கை ஓடிப்போய் அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. "குச்சியை யார் அண்ணா எடுத்தது?" என்று மட்டும் கேட்டாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தவறு என்னுடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் பௌதிகம் படித்தவன் என்ற முறையில் இன்னொரு கேள்வியும் என்னை விடவில்லை. ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும் பொறுப்பை ஒரு மனிதனின் ஞாபகசக்தியிடம் விட்டு வைக்கலாமா? மனிதன் மறந்தாலும் மறக்காத தாழ்ப்பாள் ஒன்று செய்ய முடியாதா?

முடியும். அதன் இரகசியம் உங்கள் வீட்டுக் கதவிலேயே இருக்கிறது!

கதவின் நாக்கு

அலுவலகங்களிலும் புதிய வீடுகளிலும் சாத்தினாலே 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும் கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பூட்டின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் உலோக நாக்கைக் கூர்ந்து பாருங்கள். அதன் ஒரு முகம் சாய்வாகவும் மறு முகம் செங்குத்தாகவும் இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். விட்டால் வெளியே வரும். உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது.

கதவைச் சாத்தும்போது நிலையில் உள்ள தகட்டின்மேல் சாய்ந்த முகம் மோதுகிறது. சாய்தளம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு திசையில் தரும் விசையை அது வேறு திசைக்குத் திருப்பும். கதவைத் தள்ளும் விசையே நாக்கை உள்ளே தள்ளுகிறது. துளை எதிரே வந்ததும் சுருள்வில் நாக்கை வெளியே தள்ளிவிடுகிறது. இப்போது கதவை இழுத்தால் தகட்டில் மோதுவது செங்குத்தான முகம். அது அசைவதில்லை.

ஒரு திசையில் 'போகலாம்', எதிர்த்திசையில் 'நில்'. இரண்டையும் ஒரே உலோகத் துண்டு, அதன் வடிவத்தாலேயே சொல்லிவிடுகிறது. இதே தத்துவத்தை உங்கள் புத்தகப் பையின் பிளாஸ்டிக் பக்கிளிலும் காணலாம். அதன் இரு கரங்களின் முனைகள் சாய்வாக இருப்பதால் எளிதில் உள்ளே நுழைகின்றன; பின்னால் தட்டையான தோள்கள் இருப்பதால் இழுத்தால் வருவதில்லை. இரு பக்கமும் அழுத்தினால்தான் விடுபடும்.

கொஞ்சம் கணக்கு

எவ்வளவு சாய்வு வேண்டும்? நாக்கைச் சுருள்வில் 5 நியூட்டன் விசையோடு வெளியே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். கதவு நகரும் திசைக்கும் நாக்கின் முகத்துக்கும் இடையே உள்ள கோணத்தைச் சாய்வுக் கோணம் என்போம். உராய்வே இல்லை என்றால், கதவைத் தள்ளத் தேவையான விசையைக் காண, சுருள்வில்லின் விசையைச் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கினால் போதும்.

கோணம் 30 டிகிரி என்றால் தேவையான விசை சுமார் 2.9 நியூட்டன். 45 டிகிரி என்றால் 5 நியூட்டன். 60 டிகிரிக்கு 8.7; 85 டிகிரிக்கு 57 நியூட்டன். 90 டிகிரியில்? டேன்ஜென்டின் மதிப்பு முடிவிலி அல்லவா? எவ்வளவு பலத்தோடு தள்ளினாலும் நாக்கு உள்ளே போகாது, உடைந்தால்தான் உண்டு! ஒரு முகத்துக்கு 30 டிகிரியும் மறு முகத்துக்கு 90 டிகிரியும் கொடுத்தால், ஒரு பக்கம் சுண்டுவிரலுக்கு வழி விடும்; மறு பக்கம் முழுப் பலத்தையும் தடுக்கும்.

ஆனால் உண்மையான உலகில் உராய்வு உண்டு. அதையும் கணக்கில் சேர்ப்பது எளிது. சாய்வுக் கோணத்தோடு உராய்வுக் கோணத்தையும் கூட்டி, அதன் பிறகு டேன்ஜென்ட் காண வேண்டும். உராய்வுக் கெழு 0.3 என்றால் உராய்வுக் கோணம் சுமார் 17 டிகிரி. எனவே 30 டிகிரிச் சாய்வு 47 டிகிரியைப் போல நடந்துகொள்ளும். விசை சுமார் 5.4 நியூட்டனாக உயரும். சாய்வு 73 டிகிரி ஆகும்போதே கூட்டுத்தொகை 90 ஆகிவிடும். நாக்கு இறுகி நின்றுவிடும்.

தூசியும் துருவும் சேர்ந்த பழைய பூட்டு ஏன் சரியாகச் சாத்துவதில்லை என்பது இப்போது புரிகிறதா? உராய்வுக் கோணம் அதிகமாகி, 'போகலாம்' என்று சொல்ல வேண்டிய முகமும் 'நில்' என்று சொல்லத் தொடங்கிவிடுகிறது.

ஜன்னலுக்கு வருவோம்

என் தங்கை வீட்டு ஜன்னலுக்கு என்ன தேவை? முதலாவது, காற்றுக்காகச் சிறிதளவு திறக்க வேண்டும். குழந்தை நுழையும் அளவுக்குத் திறக்கக் கூடாது. இரண்டாவது, பெரியவர்கள் வேண்டும்போது முழுவதும் திறக்க முடிய வேண்டும். மூன்றாவது, ஜன்னலை மூடியவுடன் பாதுகாப்பு தானாகவே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மரக்குச்சி முதல் இரண்டையும் செய்தது. மூன்றாவதை அதனால் செய்ய முடியவில்லை. குச்சிக்குத் தானாக எழுந்து வந்து தடத்தில் படுத்துக்கொள்ளத் தெரியாதே!

இப்போது ஜன்னல் கதவின் ஓரத்தில், சுருள்வில்லோடு கூடிய நாக்கு ஒன்றைப் பொருத்துங்கள். நாக்கு வரும் வழியில், சட்டத்தில் ஒரு தடுப்புக் கட்டையைப் பொருத்துங்கள். ஜன்னல் 10 சென்டிமீட்டர் திறப்பதற்குள் நாக்கு கட்டையில் மோத வேண்டும். திறக்கும்போது மோதுவது செங்குத்து முகமாகவும், மூடும்போது மோதுவது சாய்ந்த முகமாகவும் இருக்கட்டும்.

ஜன்னலைத் திறக்கிறீர்கள். செங்குத்து முகம் கட்டையில் மோதி நிற்கிறது. முழுவதும் திறக்க வேண்டுமா? நாக்கை விரலால் உள்ளே அழுத்திக்கொண்டு தள்ளுங்கள். கட்டையைத் தாண்டியதும் விரலை எடுத்துவிடலாம். நாக்கு மறுபடி வெளியே வந்துவிடும். பிறகு ஜன்னலை மூடுகிறீர்கள். சாய்ந்த முகம் கட்டையில் மோதி, நாக்கு தானே உள்ளே போய், கட்டையைத் தாண்டியதும் தானே வெளியே வருகிறது. 'கிளிக்!' அவ்வளவுதான். மறுபடி யார் திறந்தாலும் ஜன்னல் 10 சென்டிமீட்டருக்கு முன்பே நின்றுவிடும்.

ஜன்னலை மூடுவது என்ற ஒரே செயலுக்குள் 'பாதுகாப்பைத் திரும்ப வை' என்ற செயலும் அடங்கிவிட்டது. மூடுகிறவர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அழுத்தினால் உள்ளேயே தங்கிவிடும் நாக்குகளைக் கொண்ட தடுப்புகளும் கடைகளில் உண்டு. மறுபடி விரலால் வெளியே எடுத்து விட்டால்தான் அவை வேலை செய்யும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இவை நம் மரக்குச்சியின் உறவினர்களே!

குழந்தைகளால் பறக்க முடியாது

இது என் தங்கை வீட்டுக் கவலை மட்டும் அல்ல. மாடிக் கட்டடங்கள் நிறைந்த நியூயார்க் நகரில் ஜன்னல் வழியாகக் குழந்தைகள் விழுவது பெரும் பிரச்சினையாக இருந்தது. அந்நகரின் சுகாதாரத் துறை 1972-இல் 'குழந்தைகளால் பறக்க முடியாது' என்ற பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. பெற்றோருக்கு விளக்கம் அளித்ததோடு, ஜன்னலுக்கு இலவசத் தடுப்புக் கம்பிகளும் வழங்கியது. விபத்துகள் குறைந்தன. 1976-இல், 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் வசிக்கும் அடுக்குமாடி வீடுகளில் ஜன்னல் தடுப்பு பொருத்த வேண்டும் என்று விதி வந்தது.

'கம்பி போட்டுவிட்டால் போதுமே, தாழ்ப்பாள் எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊர் வீடுகளில் ஜன்னலுக்கு இரும்புக் கம்பி வைப்பது பழைய வழக்கம்தான். குழந்தை விழாது. ஆனால் வீட்டில் தீப்பிடித்து வாசல் அடைபட்டால், அந்த ஜன்னல் வழியாக யாரும் வெளியேறவும் முடியாது. விழாமல் தடுக்க வேண்டும். ஆபத்தில் வழிவிடவும் வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு தேவைகள்!

இரண்டையும் சமாளிப்பதற்காக அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பு 'எஃப் 2090' என்னும் விதிமுறையை வகுத்திருக்கிறது. இத்தகைய ஜன்னல் கருவி 4 அங்குலத்துக்கும் குறைவாகவே, அதாவது சுமார் 10 சென்டிமீட்டருக்குள்தான், ஜன்னலைத் திறக்க விட வேண்டும். சாவியோ வேறு கருவியோ இல்லாமல் உள்ளிருந்து விடுவிக்க முடிய வேண்டும். ஜன்னலை மூடியதும் கருவி தானாகவே பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். சிறு குழந்தை தற்செயலாக விடுவித்துவிடாமல் இருக்க, பல கருவிகளில் இரண்டு தனித்தனிச் செயல்களைச் சேர்த்துச் செய்தால்தான் நாக்கு விலகும். பெரியவருக்கு அது ஒரு நொடி வேலை.

செய்து பாருங்கள்

ஒரு பழைய ஸ்கெட்ச் பேனாவின் குழலை எடுத்துக்கொள்ளுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் சுருள்வில் ஒன்றை அதன் அடியில் போடுங்கள். குழலுக்குள் தாராளமாக நுழையும் பென்சில் துண்டு ஒன்றின் முனையைச் சாய்வாக வெட்டி, சுருள்வில்லின் மேல் நிறுத்துங்கள். சாய்ந்த முனை முழுவதும் குழலுக்கு வெளியே தெரிய வேண்டும். (கத்தியைப் பெரியவர்கள் கையில் கொடுங்கள்.) குழலை நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு மரஸ்கேலின் விளிம்பைச் சாய்ந்த பக்கத்திலிருந்து கிடைமட்டமாகத் தள்ளுங்கள். பென்சில் உள்ளே போய் வழிவிடும். எதிர்ப் பக்கத்திலிருந்து தள்ளுங்கள். ஸ்கேல் முட்டிக்கொண்டு நிற்கும்.

பிறகு 30, 45, 60 டிகிரிச் சாய்வுகளில் மூன்று துண்டுகள் வெட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். 60 டிகிரித் துண்டை உள்ளே தள்ள அதிக விசை தேவைப்படும். காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை. மேலே உள்ள கணக்கு சொல்லும். சாய்ந்த முகத்தில் கொஞ்சம் மெழுகு தேய்த்தால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள்.

என் தங்கை வீட்டு ஜன்னலில் இப்போது தானே திரும்பும் தாழ்ப்பாள் இருக்கிறது. ஜன்னலுக்கு அருகில் இருந்த ஸ்டூலையும் இடம் மாற்றிவிட்டோம். ஏனென்றால், எந்தத் தாழ்ப்பாளும் பெரியவர்களின் கவனத்துக்கு ஈடாகாது. கொசுவலை குழந்தையின் எடையைத் தாங்காது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இன்று மாலை உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். மாடிப்படிக் கதவு, தண்ணீர்த் தொட்டியின் மூடி, தெருக் கேட் என்று, யாராவது நினைவாகத் திரும்ப மாட்டினால்தான் பாதுகாப்பு என்ற நிலையில் எத்தனை இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அவற்றில் ஒன்றையாவது, ஒரு சாய்தளமும் ஒரு சுருள்வில்லும் கொண்டு மறதி இல்லாததாக மாற்ற முடியுமா? யோசித்துப் பாருங்கள்!