கோப்பை கழுவுற வேலை

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் பொடியன் ஓ.எல். கோட்டைவிட்டால் முன்பு வீட்டில் விழும் முதல் ஏச்சு: "இனிச் சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவத்தான் சரி." அதே வீட்டுக்காரர்தான் எண்பதுகளில் நகையை அடகு வைத்து, பிள்ளையைச் சுவிசுக்கும் பாரிசுக்கும் அனுப்பினார்கள். அங்கே உணவகக் குசினியில் அவன் கழுவியதும் கோப்பைதான். அந்தக் காசில் ஓட்டு வீடு மாடி வீடானது. என்ன வேலை என்று ஒருவரும் துருவவில்லை.

ஊரிலேயே பழக வழியும் இருக்கவில்லை. ஹோட்டல் கல்லூரி கொழும்பில். ஊர்ப் பெயரில் கொழும்பு இருந்தென்ன, பாஸ் இல்லாமல் வெளிக்கிட முடியாத போர்க்காலம். விக்ரோறியா வீதிச் சுபாஸ் ஹோட்டலே இராணுவத் தலைமையகம். சாப்பாட்டுக் கடையில் பழகியவன் குட்டு வாங்கித்தான் பழகினான். பத்து வருடம் தோசைக்கல்லடியில் நின்றாலும் கையில் ஒரு கடதாசி இராது.

போர் முடிந்து, 2014இல் யாழ்தேவி ரயில் திரும்பி வந்தது. 2016இல் மகாத்மா காந்தி வீதியில் ஜெட்விங் ஹோட்டல் திறந்தது. சீகிரியாவில் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் ஹோட்டல் வேலையும் பழக்கி எடுத்த குழுமம் அது. இப்போது அரச தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைற்றாவில் பயிலுநராகப் பதிந்தால் வேலைத்தளத்திலேயே பழகலாம். சோதனையில் தேறினால் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்.

பழகுவது சின்னச் சின்ன விசயங்கள். கட்டில் விரிப்பின் மூலையைக் கடித உறைபோல மடித்துச் செருகுவது. தட்டத்தை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கதவைத் தோளால் தள்ளுவது. தகப்பன் கரையில் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுத்த பரவைக்கடல் நண்டை, ஓடு உடைக்கும் குறடும் தேசிக்காய்த் துண்டு மிதக்கும் கிண்ணமுமாக மகன் மேசைக்குக் கொண்டுபோகிறான். விலையைத் தகப்பனிடம் சொல்லாமல் விடுவது நல்லது.

பெண்பிள்ளைகளுக்குத்தான் இன்னும் கரைச்சல். இரவு வேலை முடிந்து வான் ஒழுங்கை முகப்பில் நின்றால், பக்கத்து வீட்டில் விளக்கெரியும். சம்பளத்தோடு பங்கிடும் பத்து வீதச் சேவைக் கட்டணமும் நிலையில்லை: 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, 2022இல் பெற்றோல் வரிசை. சான்றிதழ் எடுத்த கையோடு மாலைதீவுக்கும் டுபாய்க்கும் பறக்கிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

இப்போது தாய்மார் "ஹோட்டல் கோர்ஸ் செய்யிறான்" என்று தலைநிமிர்ந்து சொல்கிறார்கள். ஆனால் பல ஹோட்டல்களில் புதிதாக வருகிறவனை முதலில் விடுவது குசினிக்குப் பின்னால், எச்சில் கோப்பைகள் வந்து குவியும் தொட்டியடியில். அதைப் பொடியள் வீட்டில் சொல்வதில்லை.